என் இதயத்தின் ‘இயற்கை பைபாஸ்’: நான் தப்பாகப் புரிந்துகொண்ட கதை

திரையில் என் இதயம் கறுப்பு வெள்ளையில் துடித்துக்கொண்டிருந்தது. ஆஞ்சியோ பரிசோதனைக்காக மணிக்கட்டு வழியாக விட்ட மெல்லிய குழாய் இடப்பக்க ரத்தக் குழாயின் வாயில் போய் நின்றது. சாயத்தைச் செலுத்தியதும் இடது பக்கம் மரக்கிளை மாதிரி கறுப்பாக விரிந்து, அடுத்த நொடி கரைந்து போனது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு மூன்று துடிப்புக்கு அப்புறம், சாயமே போடாத வலது பக்கத்தில் மங்கலாக ஒரு கோடு எழுந்தது. அது கீழிருந்து மேலாக, ரத்தம் ஓட வேண்டிய திசைக்கு நேர் எதிராக, மெதுவாக நிரம்பிக்கொண்டு வந்தது.

“தெரியுதா சார்? உங்க வலது குழாய் ஆரம்பத்திலேயே நூறு சதவீதம் அடைச்சிருக்கு. ஆனா இடது பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் கிளை வழியா அங்க ரத்தம் போயிட்டிருக்கு. கொலாட்டரல்னு சொல்வோம். இது இருந்ததாலதான் பெரிய அட்டாக் வராம தப்பிச்சிருக்கீங்க.”

டாக்டர் அதற்கு மேலும் பேசினார். இடது குழாயின் பெரிய கிளையான முன் இறங்கு குழாயில் 40 சதவீதம் சுருக்கம் இருப்பதையும், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 168 இருப்பதையும், மாத்திரையை விடவே கூடாது என்பதையும் சொன்னார். என் காதில் விழுந்தது ‘தப்பிச்சிருக்கீங்க’ மட்டும்தான். அப்போது எனக்கு வயது 54.

அதற்கு முந்தைய ஆறு மாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறுவது என் பழக்கம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சு நடுவே ஒரு இறுக்கம் வரும். வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். நின்று, செல்போனைப் பார்ப்பது மாதிரி பாவனை செய்வேன். ஒரு நிமிடத்தில் போய்விடும். அப்புறம் மேலே ஏறினால் வராது. அதே நாளில் இன்னொரு முறை ஏறினாலும் வராது. ‘வாயுவாக இருந்தால்தான் இப்படி வந்து போகும், இதயமாக இருந்தால் விடாமல் வலிக்குமே’ என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். முதல் முயற்சியில் வந்து, கொஞ்சம் ஓய்வுக்குப் பின் வராமல் போகும் இந்த வகை நெஞ்சு இறுக்கம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. முதல் சுற்றிலேயே பக்கக் கிளைகள் திறந்துகொள்வது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். நான் எதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேனோ, அதுவே நோயின் கையெழுத்தாக இருந்திருக்கிறது. மனைவி பிடிவாதமாக டிரெட்மில் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போகாவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

எக்கோவில் இதயத்தின் பம்ப் அளவு 58 சதவீதம், இயல்புதான். வலது குழாயை உடனே திறக்க வேண்டியதில்லை, மருந்தோடு பார்ப்போம் என்று முடிவானது. ஆஸ்பிரின், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின். வீட்டுக்கு வந்ததும் பார்ப்பவர்களிடமெல்லாம், “எனக்கு உடம்பே பைபாஸ் பண்ணிக்கிடுச்சு” என்று பெருமையடித்தேன். உண்மையிலேயே ஏதோ பரிசு வாங்கிய மாதிரிதான் இருந்தது.

நான்காவது மாதம் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 71. ரிப்போர்ட்டில் எதுவும் சிவப்பில் இல்லை. அதே சமயம் கெண்டைக்கால் லேசாக வலித்தது. ஒரு நண்பர், “கொலஸ்ட்ரால்தான் நார்மல் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை? இதயம் தானாவே வழி கண்டுபிடிச்சிடும்” என்றார். எனக்கு ஏற்கெனவே பாதி மனம் அங்கேதான் இருந்தது. ஸ்டாட்டினை மட்டும் நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதம்.

71 என்பது மாத்திரை வேலை செய்ததற்கான எண். மாத்திரையை எடுத்துவிட்டால் அந்த எண்ணும் சில வாரங்களில் பழைய இடத்துக்குப் போய்விடும். இவ்வளவு எளிய விஷயம் ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் யோசிப்பேன். குடை பிடித்திருப்பதால் நனையவில்லை, நனையாததால் குடையை மடக்கிவிட்டேன்.

எட்டாவது மாதம் இறுக்கம் திரும்பி வந்தது. இந்த முறை முதல் மாடியிலேயே. கொஞ்சம் வேகமாக நடந்தாலும் வந்தது, நின்றாலும் சீக்கிரம் போகவில்லை. எல்.டி.எல். 161. மறுபடி ஆஞ்சியோ. இடது பக்கம் 40 சதவீதமாக இருந்த சுருக்கம் 70 ஆகியிருந்தது. “எட்டு மாசம் நிறுத்தினதுதான் காரணம்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா நீங்க எந்தக் குழாயில ரிஸ்க் எடுத்திருக்கீங்கன்னு புரியுதா?” என்று டாக்டர் கேட்டார். புரியவில்லை என்றேன். அப்போதுதான் அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார்.

இரண்டு குழாய் வரைந்தார். வலதின் தலையில் பெருக்கல் குறி. இடதிலிருந்து வலதின் வால் பக்கத்துக்கு நாலைந்து வளைந்த கோடு. “இந்தக் கோடெல்லாம் எங்கிருந்து கிளம்புது பாருங்க.” இடது குழாயிலிருந்து. அதாவது என் இதயத்தின் வலது பகுதிக்குத் தனி வரத்து எதுவும் கிடையாது. இடது குழாய் தன் பகுதிக்கும் ரத்தம் கொடுத்து, பக்கத்துப் பகுதிக்கும் கொடுக்கிறது. இப்படிக் கொடுக்கும் குழாயைக் கொடையாளிக் குழாய் என்கிறார்கள். அதில் ஓட்டம் வழக்கத்தைவிட அதிகம் என்பதால், மற்றவர்களுக்குப் பெரிதாகத் தொந்தரவு தராத ஒரு நடுத்தரச் சுருக்கம்கூட இங்கே கூடுதலாக உறைக்கும். அது அடைபட்டால் இரண்டு பகுதியும் சேர்ந்து தவிக்கும். கொலாட்டரல் இருக்கிறது என்பதற்காகக் கொலஸ்ட்ராலில் அலட்சியமாக இருந்தேனே, கணக்கு அப்படியே தலைகீழ். அது இருப்பதால்தான் இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும்.

அதை உடம்பால் உணர்ந்தது, அந்தச் சுருக்கத்தைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்த அன்று. “பலூனை விரிக்கும்போது கொஞ்சம் வலிக்கும், பத்து செகண்ட்தான்” என்று எச்சரித்தார்கள். பலூன் விரிந்த மாத்திரத்தில் அந்த உள்ளங்கை அழுத்தம் நெஞ்சு முழுக்கப் பரவி, தாடைக்கும் இடது தோளுக்கும் ஏறியது. மானிட்டரின் சத்தம் மாறியது. யாரோ ரத்த அழுத்த எண்ணை உரக்கச் சொன்னார்கள், அது இறங்கிக்கொண்டிருந்தது. பலூனைச் சுருக்கியதும் ஒரு மூச்சில் எல்லாம் வடிந்தது. பத்து நொடி, ஒரே ஒரு குழாய். ஆனால் மூடப்பட்டது இரண்டு குழாயின் வேலை.

குணமாகி வீட்டில் இருந்த வாரங்களில் இந்தப் பக்கக் கிளைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என் தலையில் இருந்த படம் எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் தப்பு, இதயம் ரத்தத்துக்குத் தவித்து, புதிதாகக் குழாய்களை முளைக்க வைக்கிறது என்று நினைத்தது. பெரிய பக்கக் கிளைகள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. குழாய்களுக்கு இடையே மயிரிழை போன்ற இணைப்புகள் பிறவியிலேயே உண்டு. 1669இலேயே ரிச்சர்ட் லோவர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதயக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு குழாய் சுருங்கும்போது அதன் கீழ்ப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அந்த மயிரிழை வழியே ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் குழாயின் உட்சுவரை உரச, சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகிறது, ரத்தத்தில் உள்ள மோனோசைட் என்ற வெள்ளணுக்களைக் கூப்பிடுகிறது. அவை வந்து பழைய சுவரை இடித்து, அகலமாகக் கட்டுகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர் வோல்ஃப்காங் ஷேப்பர் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். ஆக்சிஜன் பற்றாக்குறையால் முளைப்பவை நுண்தந்துகிகள். அவை வேறு கதை, பெரிய குழாயின் பாரத்தைத் தாங்காது.

இதில் நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுருக்கம் மெல்ல மெல்ல வளர்ந்தால் கிளைகளுக்கு அகல அவகாசம் கிடைக்கிறது. என் வலது குழாய் அப்படித்தான் அடைத்திருக்க வேண்டும். கொழுப்புப் படிவம் திடீரென்று கிழிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் அடைத்தால், மயிரிழைகளால் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலான மாரடைப்பு வருவது இந்த வழியில்தான். கிழிவது எப்போதும் 90 சதவீத அடைப்பாக இருப்பதில்லை. பாதிகூட அடைக்காத, டிரெட்மில்லில் பிடிபடாத படிவங்களும் கிழிகின்றன.

கொலஸ்ட்ரால் இங்கே இரண்டு முறை உள்ளே வருகிறது. படிவத்தை வளர்ப்பது தெரிந்த கதை. அதோடு, எல்.டி.எல். அதிகமாக இருக்கும்போது உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, மோனோசைட்டுகளும் கூப்பிட்ட குரலுக்குச் சரியாக வருவதில்லை. கொலஸ்ட்ரால் ஏற்றப்பட்ட விலங்குகளில் பக்கக் கிளை வளர்ச்சி மந்தமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயிலும் இதே மாதிரி இடைஞ்சல் உண்டு. நோயை உண்டாக்கும் அதே பொருள், நோய்க்கு உடம்பு போடும் மாற்றுப் பாதையையும் கெடுக்கிறது. அப்படியானால் ஸ்டாட்டின் சாப்பிட்டால் கிளை வளருமா? மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இரண்டு விதமாகவும் சொல்கின்றன. அதனால் நான் அந்த ஆசையில் மாத்திரை போடுவதில்லை. எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பெரிய பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உறுதியான கணக்கு. எனக்கு அது போதும்.

கிளையை நேரடியாக மருந்து கொடுத்து வளர்க்கவும் முயன்றிருக்கிறார்கள். குழாய் வளர்க்கும் புரதத்தைச் செலுத்திப் பார்த்த ஒரு சோதனை 2003இல் வெளியானது. முக்கிய அளவீட்டில் போலி மருந்தைவிடச் சிறப்பாக எதுவும் நடக்கவில்லை. இதில் ஒரு விசித்திரமான சிக்கலும் இருக்கிறது. மோனோசைட்டுகளை உசுப்பிவிட்டால் அவை பக்கக் கிளைக்கு மட்டும் போவதில்லை, கொழுப்புப் படிவத்துக்குள்ளும் நுழைந்து அதை வளர்க்கின்றன. கொத்தனார் ஒருவரே, இரண்டு இடத்திலும் வேலைக்குப் போகிறார். ஆகவே ‘அடைப்பைச் சுற்றிப் புதுக் குழாய் வளர்க்கும்’ என்று யாராவது குப்பியில் அடைத்து விற்றால், பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த கிளையாவது முழுக் குழாய்க்கு ஈடாகுமா என்றால், அதுவும் இல்லை. இங்கே பள்ளிக்கூடத்துக் குழாய்க் கணக்கு ஒன்று வருகிறது. குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிவிடும். ஒரு நல்ல குழாய் கொடுக்கும் ஓட்டத்தை அதில் பாதி விட்டமுள்ள குழாய்கள் கொடுக்க வேண்டுமானால் பதினாறு வேண்டும். கொலாட்டரல்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதிலும் திருகாணி போல வளைந்து வளைந்து போகிறவை. உட்கார்ந்திருக்கும்போது போதும், படியேறினால் போதாது. என் இரண்டாவது மாடி இறுக்கத்துக்கு இதுதான் விளக்கம்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. நல்ல கொலாட்டரல் உயிர் காக்கும் என்பது உண்மைதான். 12 ஆய்வுகளில் இருந்த 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வில், கிளைகள் நன்றாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிறிஸ்டியன் சைலர் குழுவினர் அழுத்தக் கம்பி வைத்து அளந்து பார்த்ததில், இதயக் குழாய் நோயே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, ஒரு நிமிடம் குழாயை அடைத்தாலும் ஈ.சி.ஜி. மாறாத அளவுக்கு இணைப்புகள் இருந்தன. மற்ற மூவருக்கு இல்லை. பெரும்பங்கு பிறவி அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் கையில் இருப்பது நடை. வில்லியம் ஹெபர்டன், நெஞ்சு இறுக்கத்துக்கு ‘ஆஞ்சைனா’ என்று 18ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர், தினம் அரை மணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறையக் குணமான ஒரு நோயாளியைப் பற்றிக் குறித்திருக்கிறார். காரணம் அப்போது அவருக்கும் தெரியாது. 2016இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், நான்கு வாரப் பயிற்சியில் பக்கக் கிளை ஓட்டம் சுமார் 40 சதவீதம் கூடியது. கடுமையாகச் செய்தவர்களுக்கும் மிதமாகச் செய்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. இதைப் படித்தவுடன் நான் குதித்தேன். அப்புறம் எண்களைப் பார்த்தேன்: அடைபடாத குழாயின் ஓட்டத்தை 1 என்று வைத்தால், 0.14லிருந்து 0.20 வரை. நல்ல கொலாட்டரல் என்று சொல்ல 0.25 வேண்டும். நாற்பது சதவீதம் என்று கேட்கும்போது இருக்கும் கிளர்ச்சி, அது எங்கிருந்து எங்கே என்று பார்த்தால் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. ஆனாலும் நடக்கிறேன். முதல் பத்து நிமிடம் ஊர்வலம் போவது மாதிரி மெதுவாக, அப்புறம் பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில். இறுக்கம் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே இருக்கும் வேகம் எது என்பதை டிரெட்மில்லில் வைத்து டாக்டரே சொன்னார். நானாக முடிவு செய்யவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் எப்போதும் உண்டு. ஓய்வில் இருக்கும்போது வலி வந்தாலோ, மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ ஆம்புலன்ஸ்தான். ‘எனக்குக் கொலாட்டரல் இருக்கிறது’ என்று வீட்டில் காத்திருக்கும் தைரியம் இப்போது இல்லை.

கால் வலிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். டாக்டரிடம் வெட்கத்தோடு சொன்னேன். திட்டவில்லை, தசை நொதியைப் பரிசோதித்தார், சரியாக இருந்தது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் போலி மாத்திரையும் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2020இல் வந்தது. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. என் வலி கற்பனை என்று அவர் சொல்லவில்லை. வலி நிஜம், காரணம் மாத்திரையாக இருக்க வேண்டியதில்லை என்றார். உண்மையான தசைப் பாதிப்பும் சிலருக்கு வரும், அதற்காகத்தான் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்கு ஸ்டாட்டினின் அளவைக் குறைத்து, எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தைச் சேர்த்தார். ஸ்டாட்டினை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்குமாம், வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது மருந்து 20 சதவீதம் வரை இறக்கும். இப்போது என் எண் 52. என்னைப் போன்றவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் இலக்கு 55க்குக் கீழ். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ‘100க்குள் நார்மல்’ என்பது எனக்கான எல்லை இல்லை என்பதே எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மருந்து மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை.

ஆஞ்சியோ ரிப்போர்ட் கையில் உள்ளவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அதில் ‘கொலாட்டரல்’ என்று இருந்தால், எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள். ‘கிரேடு 3’ என்றால் அடைபட்ட குழாய் முழுக்கச் சாயம் நிரம்புகிறது என்று அர்த்தம், 0 என்றால் எதுவும் இல்லை. அடுத்த கேள்வி, கொடுக்கிற குழாயில் சுருக்கம் எவ்வளவு? இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் நான் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆஞ்சியோ படம் பதிந்து தரும் சி.டி. தட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஆஞ்சியோவில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.

போன மாதம் தம்பி கூப்பிட்டான். அண்ணனுக்கு வந்திருப்பதால் அவனும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நான்தான் நச்சரித்திருந்தேன். எல்.டி.எல். 174.

“அண்ணா, உனக்கு இயற்கையாவே பைபாஸ் இருக்குல்ல? எனக்கும் இருக்குமா?”

“தெரியாதுடா. ஒரு குழாய் அடைச்சாத்தான் தெரியும்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் என் மாத்திரையின் பெயரைக் கேட்டான். அதை உன் டாக்டரிடம் கேள் என்று சொல்லி, பரிசோதனைத் தாளை மட்டும் எனக்குப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.